பெத்த தாய் இருக்கக் காசுக்கு ஆளா?

போன மாதம் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு வரிசையில் நின்றபோது பின்னால் நின்ற ஒரு அக்கா தோளில் தட்டினா.

"உங்கட மகள் பிள்ளையைப் பார்க்க இரவில ஒரு வெள்ளைக்காரியைக் காசுக்கு வைச்சிருந்தவவாம். உண்மையோ?"

"ஓம் அக்கா, உண்மைதான்."

"ஏன், பெத்த தாய் நீங்கள் இருக்கிறியள்தானே?"

நான் ஏதோ சிரித்துச் சமாளித்துவிட்டு வந்து இருந்தேன். புட்டும் இறங்கவில்லை, கறியும் இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் அங்கே சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் வரிசையாக வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான் :) அந்த அக்கா இதை வாசிக்கப் போவதில்லை. ஆனால் அவ கேட்ட கேள்வியை எங்கள் சனத்தில் இன்னும் நூறு பேர் கேட்பார்கள். உண்மையைச் சொன்னால், மகளிடம் அதே கேள்வியை முதலில் கேட்டவள் நான்தான். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் இரவு என்றால் என்ன என்று சொல்லவேண்டும். பிள்ளை பெற்றவர்களே இருபது வருடத்தில் அதை மறந்துவிடுகிறோம். பிறந்த பிள்ளை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். அதற்குப் பகல், இரவு தெரியாது. குடிக்க அரை மணித்தியாலம். ஏவறை எடுத்து, பம்பேர்ஸ் மாற்றி, திரும்ப நித்திரையாக்க இன்னுமொரு அரை மணித்தியாலம். இரண்டரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் பிள்ளை எழும்பினால், தாய்க்கு ஒரே மூச்சில் கிடைக்கிற நித்திரை ஒன்றரை மணித்தியாலம். அதுவும் பிள்ளை உடனே படுத்தால்தான். இப்படி ஒரு இரவென்றால் யாரும் தாங்குவார்கள். இது ஆறு கிழமை, எட்டுக் கிழமை. சிசேரியன் என்றால் வயிற்றில் தையலும் சேர்த்தி.

ஊரில் இதை எப்படிச் சமாளித்தோம்?

1979இல் என் அக்காவுக்கு முதல் பிள்ளை பிறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. மந்திகை ஆஸ்பத்திரியில் பிறந்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு முப்பத்தொரு நாளும் அக்கா செய்த ஒரே வேலை பால் கொடுத்ததுதான். அம்மா மல்லி, மிளகு, நற்சீரகம், வேர்க்கொம்பு, மஞ்சள், உள்ளி எல்லாம் சேர்த்துச் சரக்கு அரைப்பா. நொச்சி, பாவட்டை, ஆடாதோடை, வேப்பிலை போட்டு அவித்த தண்ணீரில் முழுகவார்ப்பார்கள். இரவில் ஏணைக்கு ஒரு பக்கம் அம்மா பாய் போட்டுப் படுப்பா, மற்றப் பக்கம் பெரியம்மா. பிள்ளை சிணுங்கினால் ஏணையை ஆட்டுவது அவர்கள். நனைந்தால் துணி மாற்றுவது அவர்கள். பாலுக்கு அழுதால் மட்டும் பிள்ளையைத் தூக்கி அக்காவின் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். குடித்து முடிய எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அக்கா பாதி நித்திரையிலேயே பால் கொடுத்தா. மூன்று கிழமையில் அக்கா நல்லாகத் தெளிந்துவிட்டா. அம்மாவின் கண்ணுக்குக் கீழேதான் கறுத்துப் போயிருந்தது. அதை அப்போது நான் பார்க்கவில்லை. இப்போது பழைய படத்தில் பார்க்கிறேன்.

இதற்கு மேலே முழுகவார்க்கவும் வயிறு கட்டவும் மருத்துவிச்சி ஆச்சி வருவா. துடக்குத் துணி தோய்க்க இன்னொரு ஆள் வருவா. மருத்துவிச்சி ஆச்சி பிள்ளையைத் தன் மடியில் போட்டு முழுகவார்ப்பா, மூக்குப் பிடிப்பா, தலை பிடிப்பா. ஆனால் அவவுக்குத் தேத்தண்ணி கொடுக்கிற பேணி வேறு. முப்பத்தொன்று கழிய ஒரு சீலை, கொஞ்சம் நெல்லு, கொஞ்சக் காசு. இவ்வளவு என்று யாரும் பேசுவதில்லை. சாதிமுறைப்படி அது அவவின் கடமை என்று வைத்திருந்தோம். கடமைக்கு என்ன சம்பளம்?

எங்கள் பெரியம்மா இளம் வயதிலேயே புருஷனை இழந்தவ. தம்பி தங்கைமாரின் வீடுகளில் மாறி மாறி இருந்து ஒன்பது பிள்ளைப்பெறு பார்த்தவ. அவவின் நித்திரைக்கும் யாரும் கணக்கு வைக்கவில்லை.

ஆகவே "அந்தக் காலத்தில காசுக்கா ஆள் வைச்சனாங்கள்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். அந்தக் காலத்திலும் ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் காசு கொடுக்கவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சரி, ஜேர்மனிக்கு வருவோம்.

1992 கார்த்திகையில் என் மகள் இங்கே பிறந்தா. நாங்கள் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, ஒரு சிறிய நகரத்து விடுதியில், ஒரு அறையில் இருந்தோம். குசினியும் குளியலறையும் நடைபாதையின் கடைசியில், எல்லோருக்கும் பொது. அம்மா யாழ்ப்பாணத்தில். அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் கரண்டும் இல்லை, ரெலிபோனும் இல்லை. வெளியே வருவதென்றால் இரவில் கிளாலிக் கடலைத் தாண்டவேண்டும். தனக்குப் பேத்தி பிறந்ததை அம்மா அறிந்ததே இரண்டு மாதத்துக்குப் பிறகு, செஞ்சிலுவைச் சங்கம் கொண்டுபோய்க் கொடுத்த கடிதத்தில். பெரியப்பாவின் மகள் ஒருத்தி இதே நாட்டில்தான், இன்னொரு மாநிலத்தில் இருந்தா. அவவும் அகதி விண்ணப்பக்காரி. தன் மாவட்டத்தை விட்டு வெளியே வர அவவுக்கு ஒவ்வொரு தடவையும் அனுமதிப் பத்திரம் வேண்டும். வந்து ஒரு மாதம் நிற்பது என்ற பேச்சே இல்லை.

கணவருக்கு ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. வீட்டுக்கு வர இரவு இரண்டு மணியாகும். பிள்ளை அழுதால் பக்கத்து அறைக்காரர் சுவரில் குத்துவார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கும் விடிய வேலை. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் நடப்பேன். ஒரு நாள் கணவர் வரும்போது நான் வெளிப்படிக்கட்டில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேனாம். மார்கழிக் குளிரில், ஜக்கெற் இல்லாமல். எவ்வளவு நேரம் இருந்தேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. "உனக்கென்ன விசரே?" என்று அவர் கத்தியது மட்டும் ஞாபகம். அவரும் பயத்தில்தான் கத்தினார்.

அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பது எனக்குப் பல வருடத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. டொச்சில் வொகன்பெற்-டிப்ரெசியோன் என்பார்கள். பிள்ளை பெற்ற பத்துப் பேரில் ஒருவருக்காவது வருகிற மனச்சோர்வு. அதைக் கண்டுபிடிக்க எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் 1987இலேயே வந்துவிட்டது. தமிழிலும் இருக்கிறது. 1992இல் எனக்கு யாரும் அதைத் தரவில்லை. தந்திருந்தாலும் நான் எல்லாவற்றுக்கும் "நல்ல சுகம்" என்றுதான் கோடு போட்டிருப்பேன். அகதி முகாமில் "எனக்கு மனம் சரியில்லை" என்று எழுதிக் கொடுக்க யாருக்குத் துணிவு வரும்?

ஜேர்மனியில் உதவி இல்லை என்று சொன்னால் அது பெரிய பொய். பகலில் நிறைய இருக்கிறது. பிள்ளை பிறந்த பிறகு எட்டுக் கிழமை தாயை வேலைக்கு எடுக்கவே கூடாது. குறைமாதம் அல்லது இரட்டைப் பிள்ளை என்றால் பன்னிரண்டு கிழமை. ஹெபாமே என்கிற மருத்துவிச்சி வீட்டுக்கே வருவா. முதல் பத்து நாளும் தினமும் வரலாம், பிறகு பன்னிரண்டு கிழமை வரை இடைக்கிடை வரலாம். செலவு முழுக்கக் கிராங்கன்காசே கட்டும். வீட்டுவேலையைச் செய்ய முடியாத நிலை, வீட்டில் வேறு ஆளும் இல்லை என்றால் ஹவுஸ்ஹால்ட்ஸ்ஹில்ஃபே என்று வீட்டுக்கு உதவியாள் கேட்கலாம். வைத்தியரின் கடிதத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். இது சமூகச் சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கிற உரிமை, பிச்சை இல்லை. எங்கள் பிள்ளைகளே பலருக்கு இது தெரியாது. 2007இலிருந்து எல்ற்றன்கெல்ட் இருக்கிறது, தகப்பனும் வீட்டில் நிற்கலாம்.

ஆனால் ஹெபாமே கிடைப்பதே இப்போது பெரிய பாடு. கர்ப்பம் என்று தெரிந்த உடனே தேடத் தொடங்கினால்தான் உண்டு. கிடைத்தாலும் அவ வந்து பிள்ளையின் நிறை பார்த்து, தொப்புள் பார்த்து, தையல் பார்த்து, அரை மணித்தியாலத்தில் அடுத்த வீட்டுக்கு ஓடிவிடுவா. உதவியாள் வந்தாலும் பகலில்தான் வருவா. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு ஜேர்மனி கதவைப் பூட்டிவிடுகிறது. பிள்ளைக்கோ அப்போதுதான் விடிகிறது.

பக்கத்தில் நெதர்லாந்தில் கிராம்சோர்க் என்று ஒரு முறை உண்டு. பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்தவுடன் ஒரு தாதி வீட்டுக்கே வந்து, மணித்தியாலக் கணக்கில் நின்று, தாயையும் பிள்ளையையும் பார்த்து வீட்டையும் கவனிப்பா. மொத்தம் 24இலிருந்து 80 மணித்தியாலம் வரை. பெரும்பகுதியைக் காப்புறுதி கட்டும். அதுவும் பெரும்பாலும் பகல்தான், ஆனாலும் தாய் பகலிலாவது படுக்கலாம். சிங்கப்பூரில் பிரசவ வீட்டுக்கென்றே மலேசியாவிலிருந்து வருகிற பெண்களுக்குப் பதினாறு கிழமைக்கு ஒரு தனி வேலை அனுமதி கொடுக்கிறார்கள். அவர்கள் அந்த வீட்டிலேயே தங்கி இரவும் பார்ப்பார்கள். அங்கே அதை யாரும் வெட்கம் என்று சொல்வதில்லை. நாள் குறித்த உடனேயே ஆளையும் பதிந்து வைக்கிறார்கள்.

இனி என் மகளின் கதை.

அவ தெற்கே, இங்கிருந்து ரெயினில் ஐந்து மணித்தியாலத் தூரத்தில் இருக்கிறா. போன வருடம் பிள்ளை பிறந்தது, சிசேரியன். சம்பந்தி கனடாவில், முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து தடியோடு நடக்கிறா. நான் ஒரு வயோதிபர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். விடிய ஆறு மணிக்கு அங்கே நிற்கவேண்டும். எனக்கு இருந்த விடுமுறை மூன்று கிழமை. மூன்றையும் எடுத்துக்கொண்டு போனேன். சரக்கு அரைத்தேன், இரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அறுபதை எட்டப் போகிற உடம்பு. இரண்டாம் கிழமை முடிய எனக்கே தலை சுற்றியது. அம்மாவின் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு என் கண்ணுக்குக் கீழே வந்துவிட்டது.

விடுமுறை முடிந்து வந்துவிட்டேன். நாலாம் கிழமையோடு மருமகனின் லீவும் முடிந்தது. அதற்கு அடுத்த கிழமை, இரவு மூன்று மணிக்கு ரெலிபோன் அடித்தது.

"அம்மா, பிள்ளையைக் கட்டில்ல வைச்சிட்டு நான் வெளியில பல்கனியில நிக்கிறன். அவன் அழுதுகொண்டிருக்கிறான். எனக்கு உள்ள போகப் பயமா இருக்கு."

எனக்கு அந்த மார்கழிப் படிக்கட்டு ஞாபகம் வந்தது. நான் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. "நீ செய்தது சரி. பிள்ளை கட்டில்ல பத்திரமா இருக்கு. அழுதால் ஒண்டும் ஆகாது. இவரை எழுப்பு, நான் லைன்ல நிக்கிறன்" என்றேன். உண்மையிலேயே அவ செய்தது சரி. முடியாத கட்டத்தில் பிள்ளையைப் பத்திரமான இடத்தில் கிடத்திவிட்டு அறையை விட்டு வெளியே வாருங்கள், எந்த நிலையிலும் பிள்ளையைப் பிடித்து உலுக்காதீர்கள் என்றுதான் இங்கே பிள்ளை வைத்தியர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு சில விநாடி உலுக்கினாலே பிள்ளையின் மூளையில் இரத்தம் கசியும். இதை வாசிக்கிற இளம் பெற்றோர் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம்.

இரண்டு நாள் கழித்து மகள் சொன்னா, இரவுக்கு ஒரு ஆள் பார்த்திருக்கிறேன் என்று. முற்றர்ப்பிளேகெரின் என்று இங்கே பிள்ளை பெற்ற தாய்மாரைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்த பெண்கள் இருக்கிறார்கள். கிழமையில் மூன்று இரவு, பத்து மணியிலிருந்து ஆறு மணி வரை, நாலு கிழமைக்கு. "காசு?" என்று கேட்டேன். முப்பத்தொன்றுக்கும் பெயர் வைக்கவும் சேர்த்து ஹோல் எடுத்துக் கொண்டாட ஒதுக்கி வைத்த காசாம். ஹோல் வேண்டாமாம்.

அப்போதுதான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "ஏனம்மா, நான் இருக்கேக்கை..."

அவ கோபிக்கவில்லை. "நீங்கள் ஐஞ்சு மணித்தியாலத்துக்கு அங்கால இருக்கிறியள் அம்மா. எனக்கு இண்டைக்கு இரவு படுக்கவேணும்" என்றா.

எனக்கு நொந்ததுதான். பொய் சொல்லக்கூடாது. என் இடத்தில் வேறு யாரோ வந்து இருக்கிறா என்ற எண்ணம். பிள்ளையின் உள்ளங்காலுக்கு எண்ணெய் பூசுவாவோ, தமிழில் தாலாட்டுவாவோ என்றெல்லாம் ரெலிபோனில் கேட்டு மகளின் உயிரை எடுத்தேன். மகள் கேட்டது வேறு கேள்விகள். குழந்தைகளுக்கான முதலுதவி படித்திருக்கிறாவா? குக்கல் தடுப்பூசி போட்டிருக்கிறாவா? பிறந்த பிள்ளைக்குக் குக்கல் இருமல் தொற்றினால் உயிருக்கே ஆபத்து, அதனால் பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கிற எல்லோரும் அதைப் போட்டிருக்க வேண்டும் என்பது இங்கத்தைய பரிந்துரை. (நானும் போடவில்லை! பிறகுதான் போட்டேன்.) பொலிஸ் சான்றிதழ் இருக்கிறதா? முன்பு பார்த்த குடும்பத்தோடு கதைக்கலாமா? இந்த வேலைக்கு அரசாங்கப் பரீட்சை என்று ஒன்றும் இல்லை, யாரும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். அதனால் நாங்கள்தான் கேட்டுப் பார்க்கவேண்டும்.

வந்தவ என்ன செய்தா தெரியுமா? என் அம்மா 1979இல் செய்ததைத்தான். பிள்ளை சிணுங்கினால் தான் தூக்குவா. பாலுக்கு அழுதால் தாயிடம் கொண்டுபோய் வைப்பா. குடித்து முடிய எடுத்து, ஏவறை எடுத்து, துணி மாற்றித் தானே படுக்கவைப்பா. வித்தியாசம் என்னவென்றால், தலையணை இல்லை, போர்வை இல்லை. நித்திரைப் பை ஒன்றுக்குள் போட்டு, மல்லாக்க, பிள்ளையின் சொந்தக் கட்டிலில். மூச்சடைப்பு வராமல் இருக்க அதுதான் பாதுகாப்பு. நான் மூன்று கிழமையும் சின்னத் தலையணை வைக்கச் சொல்லிச் சண்டை பிடித்தவள். இந்த விசயத்தில் நான் பிழை.

முதல் இரவு மகள் இடையில் இரண்டு தரம் பால் கொடுக்க மட்டும் விழித்து, மொத்தம் ஆறு மணித்தியாலம் படுத்தாவாம். விடிய எனக்கு எடுத்தபோது குரலே வேறு. இரண்டாம் கிழமையில் அந்தப் பெண் மகளுக்கு இன்னொன்றும் சொன்னா: "நித்திரை வந்த பிறகும் அழுகை நிற்காவிட்டால் அது நித்திரைப் பிரச்சினை இல்லை, வைத்தியரிடம் போ." மகள் போனா. நல்ல காலம், போகப் போகத் தெளிந்தா. இரவுக்கு ஆள் வைப்பது மனச்சோர்வுக்கு மருந்தென்று நான் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால்தான் அதைக் கவனித்துச் சொல்லவும் முடியும். 1992இல் என்னைக் கவனிக்க சுவரில் குத்துகிற மனிசன் மட்டும்தான் இருந்தார்.

இனி, நாங்கள் கதைக்க விரும்பாத பக்கத்துக்கு வருகிறேன். காசு.

2016இல் எனக்கு வேலை இல்லாமல் இருந்த நேரம். தெரிந்த ஒரு குடும்பத்தில் மருமகளுக்குப் பிள்ளை பிறந்தது. "நீங்கள் எங்கட ஆள்தானே, இரவில வந்து நில்லுங்கோ" என்று கேட்டார்கள். இருபது இரவு போனேன். இரவு ஒன்பதுக்குப் போய் விடிய ஏழுக்கு வருவேன். கடைசி நாள் ஒரு சீலையும் ஒரு கடித உறையும் தந்தார்கள். நான் வழமைபோல "காசெல்லாம் என்னத்துக்கு" என்று இரண்டு தரம் மறுத்துவிட்டு வாங்கினேன். பஸ் தரிப்பில் வைத்துத் திறந்து பார்த்தேன். 200 யூரோ. இருபது இரவு, பத்து மணித்தியாலம். கணக்கு உங்களுக்கே விளங்கும், மணித்தியாலத்துக்கு ஒரு யூரோ. அந்த வருடம் சட்டப்படி குறைந்த சம்பளம் 8.50 யூரோ. 1700 யூரோ வந்திருக்கவேண்டும்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. என்னை நன்றாகத்தான் நடத்தினார்கள், என் பேணியும் வேறாக இருக்கவில்லை :) ஆனால் அவர்கள் மனதில் நான் செய்தது வேலை இல்லை, உறவு. நானும் அப்படித்தான் நடித்தேன். மருத்துவிச்சி ஆச்சிக்குக் கடமை என்றோம், பெரியம்மாவுக்குப் பாசம் என்றோம், எனக்கு "எங்கட ஆள்" என்றார்கள்.

இன்றைக்கும் இது நடக்கிறது. விசா முடிவு வராமல், வேலை செய்ய அனுமதி இல்லாமல் இருக்கிற பெண்களை இப்படிக் கூப்பிடுகிறார்கள். பிடிபட்டால் அவவின் வழக்குக்குத்தான் பாதிப்பு. இரவில் படியில் விழுந்து காலை உடைத்தால் காப்புறுதி இல்லை. "இரவில சும்மா படுத்திருக்கிறதுக்குச் சம்பளமோ?" என்று கேட்பவர்களும் உண்டு. அதற்கு இந்த நாட்டின் மிக உயர்ந்த தொழில் நீதிமன்றமே பதில் சொல்லிவிட்டது. பேர்லினில் ஒரு வயோதிப அம்மாவைப் பார்க்க வந்த பல்கேரியப் பெண் ஒருவர் போட்ட வழக்கில், 2021 ஆனி 24ஆம் திகதி, அழைத்தால் எழும்பத் தயாராகக் காத்திருக்கிற நேரத்துக்கும் குறைந்த சம்பளம் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. காத்திருப்பதும் வேலை. பிள்ளை அழாத இரவும் வேலைதான்.

முறையாகச் செய்வது அப்படியொன்றும் கஷ்டம் இல்லை. சுயதொழிலாக இதைச் செய்பவர்கள் பில் எழுதித் தருவார்கள். மகள் செய்தது அப்படித்தான். அல்லது வேலை செய்ய அனுமதியுள்ள எங்கள் பெண் ஒருவரை மினிஜொப்பாகப் பதியலாம். வீட்டு வேலைக்கென்று ஒரு பக்கப் படிவம் இருக்கிறது, மினிஜொப் சென்றாலே என்ற அலுவலகத்துக்கு அனுப்பினால் சரி. 2026 ஜனவரியிலிருந்து குறைந்த சம்பளம் மணித்தியாலத்துக்கு 13.90 யூரோ, மினிஜொப் எல்லை மாதம் 603 யூரோ. எட்டு மணித்தியால இரவு ஒன்றுக்கு 111 யூரோ 20 சதம். மாதத்தில் ஐந்து இரவு எல்லைக்குள் வரும். அதற்கு மேலே நூற்றுக்குப் பதினைந்துக்குக் கிட்ட நீங்கள் கட்டவேண்டும், அதற்குள்ளே விபத்துக் காப்புறுதியும் அடக்கம். கொடுத்ததில் ஐந்தில் ஒரு பங்கை, வருடத்துக்கு 510 யூரோ வரை, வரியில் கழிக்கலாம்.

"எங்களிட்ட அவ்வளவு காசு இல்லையே" என்று சொல்பவர்கள் உண்டு. நியாயம். 1992இல் எங்களிடமும் இல்லை. காசில்லாதவர்களுக்கு ஹம்பேர்க்கில் 2002இல் தொடங்கிய வெல்கம் என்ற அமைப்பு இருக்கிறது. அதன் தொண்டர்கள் முதல் வருடத்தில் வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் பிள்ளையைப் பார்ப்பார்கள். ஃபுறூஹ ஹில்ஃபன் என்ற பெயரில் நகரங்களில் ஆரம்ப உதவித் திட்டம் இருக்கிறது. கேளுங்கள், வெட்கப்படவேண்டாம். ஆனால் இவையும் பகலுக்குத்தான்.

இரவுக்கு எங்கள் சனமே ஒன்று செய்யலாம். முப்பத்தொன்றுக்கு ஹோல் எடுக்கிறோம். இருநூறு பேர், மூன்று வகை இறைச்சி, வீடியோ, மேடைச் சோடனை. பிள்ளைக்கு ஆறு மோதிரம், பத்துச் சங்கிலி, இனி வளர்ந்துதான் போடவேண்டிய நாற்பது உடுப்பு. அந்த ஹோலில் மேடையில் இருக்கிற தாயின் முகத்தை ஒருநாள் வடிவாகப் பாருங்கள். பவுடருக்குக் கீழே நித்திரை இல்லாத முகம். நாலு குடும்பம் சேர்ந்து ஒரு மோதிரத்தின் காசுக்கு இரண்டு இரவு வாங்கிக் கொடுத்தால் என்ன? "இந்தா பிள்ளை, இரண்டு இரவு நித்திரை கொள்" என்று ஒரு உறைக்குள் வைத்துக் கொடுத்தால் என்ன? முப்பத்தொன்றுக்குப் பிறகு கொடுக்காமல், ஐந்தாம் நாள் கொடுங்கள்.

கடைசியாக அந்த அக்காவுக்கு. நீங்கள் கேட்டது பிழையான கேள்வி என்று நான் சொல்லவில்லை. பெத்த தாய் நான் இருக்கிறேன்தான். விடுமுறை கிடைத்தால் இப்போதும் ஓடுவேன், சரக்கும் அரைப்பேன். ஆனால் ஒரு தாய் ஐந்து மணித்தியாலத் தூரத்தில், விடிய ஆறு மணிக்கு நூறு பேருக்குப் பாண் வெட்டிக்கொண்டு இருந்தால், இரவு மூன்று மணிக்குப் பல்கனியில் நிற்கிற பிள்ளைக்கு அவவால் என்ன செய்யமுடியும்? அந்த நேரத்தில் கதவைத் தட்டிக்கொண்டு வந்தது ஒரு வெள்ளைக்காரி. அவவுக்கு என் மகள் சதம் சதமாகக் கணக்குப் பார்த்துச் சம்பளம் கொடுத்தா. எனக்கு 2016இல் கிடைக்காதது அவவுக்குக் கிடைத்தது. அதில் எனக்கு இப்போது சந்தோஷம்தான்.

உங்கள் மகளுக்கும் மாசி மாதம் நாள் குறித்திருப்பதாகச் சொன்னீர்கள், அக்கா. ரெலிபோன் நம்பர் வேண்டுமென்றால் கேளுங்கள். தருகிறேன்.